சிரிப்பின் ஆயுள்
ஈழத்துத் தமிழ் வானொலி நகைச்சுவைத் தொடர்கள் குறித்து ஒரு சமூகவியல் நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வளர்ச்சி பற்றிப் பேசும் ஆய்வுகளில் கூத்தின் மீட்டுருவாக்கத்துக்கும் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணிக்கும் உரிய இடம் கொடுக்கப்பட்டுள்ளது. அது நியாயமே. ஆயினும், யாழ்ப்பாணக் கிராமங்களின் திண்ணைகளிலும் வாசிகசாலைகளிலும் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்து கேட்ட நகைச்சுவைத் தொடர் நாடகங்கள் இவ்வாய்வுகளில் ஓரிரு வரிகளுக்குமேற் பெறுவதில்லை. நகைச்சுவை என்றதும் ஆய்வாளர் முகத்திற் படரும் அந்த அலட்சியமே தனியாக ஆராயத்தக்கது எனத் தோன்றுகிறது. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வினா வேறு. தரமான நகைச்சுவைத் தொடர்கள் ஏன் நீடிப்பதில்லை? அவற்றை முடித்துவைப்பது இரசிகரின் சலிப்பா, அன்றி அதற்குப் புறம்பான சக்திகளா?

இதன் வேர்களைப் பல்கலைக்கழக அரங்கிலேயே தேடவேண்டும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடகம்’, ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’, ‘கண்ணன் கூத்து’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ என்னும் நான்கு நாடகங்களைக் கொண்டது. இலண்டனில் மொழியியல் பயின்று திரும்பிய புலோலியூரார் ஒருவர், சாசனத் தமிழை ஆராய்ந்த அதே செவியால் வடமராட்சிப் பேச்சையும் கேட்டார் என்பது சிறு செய்தியன்று. அரச தர்பார் மொழியிலே நாயகர் வசனம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், உடையாரும் அவர் வீட்டு வேலைக்காரரும் தத்தம் வாய்மொழியிலேயே மேடையேறினர். நிலவுடைமை அதிகாரத்தின் குரலை அதன் சொந்த உச்சரிப்பிலேயே கேட்க நேர்ந்தபோது சபையோர் சிரித்தனர். செந்தமிழ் பேசும் உடையாரைப் பார்த்து எவரும் சிரித்திருக்க மாட்டார்.

இச்சிரிப்பு மேடையிலிருந்து வானொலிக்குப் பெயர்ந்தமையே நமது விடயத்தின் மையம். 1949இல் றேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்ற நிலையத்தின் தமிழ்ப் பகுதியில், ஓவியராகவும் பெயர் பெற்ற சானா (ச. சண்முகநாதன்) நாடகத் தயாரிப்பாளராகப் பணியாற்றினார். ‘லண்டன் கந்தையா’ அவர் தயாரிப்பிற் புகழ்பெற்றது. இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ அதே மரபைச் சேர்ந்தது. மறுமலர்ச்சிக்கு முற்பட்ட சிறுகதை முன்னோடியாகவே இலங்கையர்கோன் (த. சிவஞானசுந்தரம்) நினைக்கப்படுகிறார், ‘வெள்ளிப்பாதசரம்’ அவர் மறைவின்பின் 1962இல் நூலுருப் பெற்றது. அவர் தொழிலாற் காரியாதிகாரி என்பதை நாம் இங்கு வலியுறுத்த விரும்புகிறோம். விதானைமார் காரியாதிகாரியின் கீழேயே கடமையாற்றினர். எனவே, விதானையாரின் வீட்டைப் பற்றி எழுதியவர் அந்த வீட்டு முற்றத்தை வெளியே நின்று பார்த்தவரல்லர். கோப்புகளின் வழியாகவும் முறைப்பாடுகளின் வழியாகவும் அதன் உட்புறத்தை அறிந்தவர்.

விதானைப் பதவி என்ன? நிலமுள்ள குடும்பங்களின் கையிலேயே பெரும்பாலும் தங்கியிருந்த ஊர் அதிகாரம் அது. குடியேற்ற அரசுக்கு மலிவான நிர்வாகம். ஊரவருக்கோ நற்சான்றுக்கும் கூப்பன் அலுவலுக்கும் சென்று நிற்கவேண்டிய படலை. அரச கட்டளையும் சாதிய மேலாண்மையும் ஒரே சால்வையைத் தோளிற் போட்டுக்கொண்ட நிலை எனலாம். இத்தகைய பதவி நகைச்சுவைக்குத் தானாகவே இடமளிக்கிறது. ஏனெனில் அதன் கம்பீரத்துக்கும் அதன் உண்மையான அற்பத்தனத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் முடியாது. வானொலி அதைச் சொல்லிற்று. இத்தொடரில் விதானையாராகக் குரல் கொடுத்தவர் பின்னாளிற் பண்டைத் தமிழர் நாடகத்தை ஆராய்ந்து 1970இல் பேர்மிங்காமிற் கலாநிதிப் பட்டம் பெற்ற கார்த்திகேசு சிவத்தம்பி. மார்க்சியத் திறனாய்வின் தலைமகன் ஒருவர் விதானையாரின் செருமலையும் அதட்டலையும் நடித்துப் பழகினார் என்பது எமக்கு வெறும் சுவையான செய்தியாகத் தோன்றவில்லை.

1961இல் இலங்கையர்கோன் நாற்பத்தாறு வயதிற் காலமானார். 1963இல் கிராம சேவகர் முறை வந்தது; விதானைப் பதவி ஒழிந்தது. இடமாற்றத்துக்கு உட்பட்ட உத்தியோகத்தரிடம் பரம்பரை மிடுக்கு இல்லை. ஆகவே ஒருவகையில் வரலாறே அந்நாடகத்தின் பாத்திரத்தை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. சாதிய மேலாண்மை அப்பதவியோடு ஒழிந்துவிடவில்லை என்பதும், அதன் புதிய உருவங்களைச் சிரிக்கவைக்க அதே ஆற்றலோடு எவரும் முன்வரவில்லை என்பதும் வேறு கதை.

அறுபதுகளின் தொடக்கத்தில் மூண்ட மரபுப் போராட்டத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். முற்போக்கு எழுத்தாளர் கதைகளில் வந்த பேச்சுத் தமிழ் ‘இழிசனர் வழக்கு’ என இகழப்பட்டது. டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோரின் மொழி தாக்குதலுக்குள்ளான அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பேச்சு வானொலியில் எவ்வித எதிர்ப்புமின்றி ஒலித்துக்கொண்டிருந்தது. ஏன்? சிரிப்புக்காக ஒலிக்கும்வரை அது அனுமதிக்கப்பட்டது. துயரையும் கோபத்தையும் சொல்லத் தொடங்கியதும் இழிசனர் வழக்காயிற்று. ஆயினும் அச்சிரிப்பு செவிகளை முன்கூட்டியே பழக்கியிருந்தது. முற்போக்கு இலக்கியம் பெற்ற வெற்றியில் வானொலி நாடகத்தின் பங்கை இலக்கிய வரலாறுகள் இன்னும் கணக்கிடவில்லை.

இனி வர்த்தக சேவைக்கு வருவோம். எழுபதுகளில் எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ அச்சேவையின் மிகப் பிரபலமான தொடர்களுள் ஒன்றாக விளங்கியது. மரைக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், ஐயராக பி. எச். அப்துல் ஹமீட், உபாலியாக எஸ். செல்வசேகரன். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், பிராமணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் என நான்கு வழக்குகள் ஒரே அறையில் மோதிக்கொண்டன. இந்துவான ராம்தாஸ் மரைக்காராகவும், முஸ்லிமான ஹமீட் ஐயராகவும் பேசியமை கவனிக்கத்தக்கது. இது ‘விதானையார் வீட்டில்’ போன்று ஓர் அதிகாரத்தை எள்ளும் நகைச்சுவையன்று. உச்சரிப்பையே சிரிப்புக்குரிய பொருளாக்குவது. அவ்வகையில் அதன் சமூக உள்ளடக்கம் மெலிந்ததே. எனினும் நால்வரில் எவரும் மற்றவருக்கு எசமானர் அல்லர், எவருடைய தமிழும் அளவுகோல் அல்ல என்பதை ஒதுக்கிவிட முடியாது. இந்த நாட்டில் அரசியல்வாதிகள் கூட்டிய எந்த வட்டமேசையிலும் இத்தகைய சமத்துவம் நிலவியதாக நாம் அறியோம்.

இத்தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாயிற்று. 1978இல் ‘ஏமாளிகள்’ வந்தது. இவை எழுந்த சூழல் தற்செயலானதன்று. 1970இன் பின்னர் தென்னிந்திய வெளியீடுகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையும், 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தமையும் உள்ளூர்த் தமிழ்க் கலைஞருக்குச் சிறிது மூச்சுவிட இடமளித்தன. 1977இன் திறந்த பொருளாதாரம் அந்த இடத்தைச் சுருக்கிற்று. கலைஞரின் திறமை ஓராண்டிற் குன்றிவிடவில்லை. சந்தையின் வாயில்தான் மாறிற்று.

வர்த்தக சேவை நாடகத்தின் உயிர் விளம்பரதாரரின் கையில் இருந்தது. சவர்க்காரமும் வங்கிச் சேமிப்பும் விற்பதற்காகவே சிரிப்பு வாங்கப்பட்டது. கேட்போர் தொகை பெரிதாயினும், அவர் பொருள் வாங்குவோராகத் தோன்றாவிடில் தொடர் நின்றுவிடும். இது நமது நாட்டுக்கே உரிய கொடுமையன்று. அமெரிக்காவில் 1982இல் ‘பொலிஸ் ஸ்குவாட்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் ஆறு பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. அதைச் சுவைக்க வேண்டுமாயின் பார்வையாளர் திரையை உண்மையாகவே பார்க்கவேண்டியிருந்தது என்பது ஏ.பீ.சீ. நிறுவன அதிபர் கூறிய காரணங்களுள் ஒன்று! கவனத்தைக் கோருவதே குற்றமாயிற்று. அதே கலைஞர் 1988இல் அதனைத் திரைப்படமாக்கியபோது பெருவெற்றி கிட்டியது. பிரித்தானியாவிலோ பீ.பீ.சீ. தன் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடர்கள் பலவற்றின் ஒளிநாடாக்களை மீண்டும் பயன்படுத்துவதற்காக அழித்தது. வணிக நிறுவனம் இடையில் நிறுத்துகிறது. பொது நிறுவனம் முடிந்தபின் அழிக்கிறது. ஒளிநாடாவின் விலை, அதிற் பதிந்த உழைப்பின் மதிப்பிலும் உயர்ந்ததாகக் கணிக்கப்பட்டது என்பதே இரண்டாவது வழக்கின் பொருள்.

ஆயினும் ஈழத்து நகைச்சுவைத் தொடர்களைப் பொறுத்தவரை சந்தையை மட்டும் காரணங்காட்டுவது போதாது. மரைக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஒருவரையொருவர் கேலிசெய்ய வேண்டுமாயின், அக்கேலியைத் தாக்குதலாகக் கொள்ளாத பொதுச் செவியொன்று இருந்தாக வேண்டும். 1983 யூலை அதனை எரித்தது. உருவகமாக மட்டும் சொல்லவில்லை: கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தலை விஜயா ஸ்ரூடியோ அந்நாள்களில் தீக்கிரையாகி, திரைப்பட மூலச்சுருள்கள் பல அழிந்தன. அதன்பின் சிங்களவர் பேசும் தமிழை ஒரு நடிகர் பாவனை செய்தால் அது யாருக்குச் சிரிப்பாகியிருக்கும்? ராம்தாஸ் பிற்காலத்தில் தமிழகத்துக்குச் சென்றார், 2016இல் மறைந்தார்.

குடாநாட்டில் தொலைக்காட்சி இவ்விடத்தை நிரப்பவில்லை. ரூபவாகினி 1982இல் ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்து வீடுகள் பலவோ உயர்ந்த அன்ரெனாக்களைச் சென்னைத் தூரதர்ஷனை நோக்கியே திருப்பியிருந்தன. 1990இன் பின் மின்சாரமே இல்லை. மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஆண்டுகள் அவை. மிதிப்பவரின் கால் ஓய்ந்தால் குரலும் ஓயும். கேட்டது பெரும்பாலும் செய்தியே.

எஞ்சியது தனிநடிப்பு. கரவெட்டியைச் சேர்ந்த கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’, பஸ் கொண்டக்ரர் ஒருவரையும் அவரோடு மல்லுக்கட்டும் பயணிகளையும் ஒரே உடலிற் காட்டியது. அதற்கு விளம்பரதாரரும் வேண்டியதில்லை, ஒலிப்பதிவுக்கூடமும் வேண்டியதில்லை, நால்வர் கொண்ட குழுவும் வேண்டியதில்லை. எழுபதுகளில் தோன்றிய அது ஒலிநாடாவிற் பதிவாகி, புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளிற் கடல் கடந்தது. யாழ்ப்பாணத்து பஸ்ஸின் நெரிசல் கனடாவின் மண்டபங்களிற் கேட்டது. பாலச்சந்திரன் அங்கேயே 2014இற் காலமானார்.