புள்ளலூர்ப் போரும் சீரங்கப்பட்டணத்துச் சுவரோவியமும்

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் பழமையான போர்க்களம். மகேந்திரவர்மன் தன் பகைவரை ஈண்டு வென்றனன் எனக் காசாக்குடிச் செப்பேடு கூறும். அவ்வூர்ப்புறத்திலேயே 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஐதர் அலியும் அவன் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தனர். காஞ்சியில் இருந்த மன்ரோவின் பெரும்படை துணைக்கு வரவில்லை. சிறைப்பட்ட பெய்லி 1782இல் சீரங்கப்பட்டணத்திலேயே இறந்தான்.

திப்பு 1784இல் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் இப்போர் தீட்டப்பெற்றது. மங்களூர் உடன்படிக்கையால் போர் ஓய்ந்த ஆண்டு அது, பகை ஓயவில்லை. 1781இல் அதே களத்தருகே கூட்டு என்னும் ஆங்கிலத் தளபதி ஐதரோடு மீண்டும் பொருத போரோ இவ்வோவியத்தின் பொருளாகவில்லை. நினைவு என்பது தேர்ந்தெடுப்பதே என்பதற்கு இஃதொன்றே சாலும்.

ஓவியத்தின் நடுவிடம் வென்றவனுக்கு உரியதன்று. சிவப்புச் சட்டை அணிந்த வீரர் சதுரமாக அணிவகுத்து நிற்க, அதனுள்ளே காயமுற்ற பெய்லி பல்லக்கில் இருக்கின்றான். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகின்றது. தோற்றவன் பெயரால் பரணி பெயர் பெறும் என்னும் நம் மரபை அறிந்தார்க்கு இவ்வமைப்பு வியப்பளிக்காது. பகைவனது பெருமையே வென்றவன் புகழுக்கு அளவுகோல் ஆகின்றது.

திப்புவோ ரோசா மலரொன்றை முகர்ந்தவாறு அமைதியாகக் காணப்படுகின்றான். இதனைப் புறத்திணை வாகையோடு ஒப்பிடத் தமிழ் மாணவர்க்கு ஆவல் எழும், அது பொருந்தாது. வாகை வென்றபின் சூடும் பூ. கையில் மலரேந்திய அரசன் பாரசீக, முகலாய ஓவியங்களில் பயின்று வரும் உருவம். போரின் நடுவிலும் கலங்காத இறைமையை அது குறிக்கும். தீயும் மலரும் ஒரே சுவரில் அமைந்த இம்முரணே ஓவியத்தின் உயிர் என்பது எம் கருத்து.

இனி, இன்று நாம் காணும் சுவர் திப்பு கண்ட சுவர்தானா? முற்றுகைக் காலத்தில் ஓவியம் வெள்ளையடித்து மறைக்கப்பட்டது என்பர். 1799இல் திப்பு வீழ்ந்தபின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெசுலி அதனைப் புதுப்பித்தான். மீண்டும் மங்கிய ஓவியத்தை, 1850களில் தலைமை ஆளுநன் டல்ஹௌசியின் ஆணைப்படி திரும்பத் தீட்டினர். தம் தோல்வியை ஆங்கிலரே இருமுறை புதுப்பித்தது விந்தையாகத் தோன்றலாம். சீரங்கப்பட்டணம் கையில் வந்தபின் பெய்லியின் பல்லக்கு அவர்க்கு இழிவாகத் தோன்றவில்லை. அது பழிதீர்த்த கதையின் முதற்காட்சி ஆயிற்று. வண்ணம் மாறாமலே பொருள் மாறிவிட்டது.

ஆகவே இவ்வோவியத்தை 1780ஆம் ஆண்டின் நேர்ச்சான்றாக எடுத்தாளும் வரலாற்றாசிரியர், பெயர்த்தெழுதிய ஏட்டை மூல ஏடாகக் கொள்வாரை ஒப்பர். இதே போரைப் பத்துத் தாள்களில் வரைந்த பழைய ஓவியம் ஒன்று 2022இல் இலண்டனில் ஏலத்திற்கு வந்தது. பாடவேறுபாடு நோக்குவார் போல அதனையும் சுவரையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். பல்லக்கும் வெடிக்கும் வண்டியும் இரண்டிலும் உள்ளமையின், அவற்றைத் திப்புவின் காலத்துக்கு உரியனவாகக் கொள்ளலாம். முகச்சாயலையும் வண்ணத்தையும் பற்றி அவ்வாறு துணிந்து கூறுதல் இயலாது.