'எக்லெஸ்' கேக் என்றால் அலர்ஜி உள்ளவர் சாப்பிடலாமா? பேக்கரியில் கேட்க வேண்டியது என்ன?

அலுவலகத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள். கேக் வாங்கும் பொறுப்பு உங்களுக்கு. டீமில் ஒருவருக்கு உணவு அலர்ஜி இருப்பது நினைவுக்கு வருகிறது. பேக்கரியில் சொன்னால், "எக்லெஸ் போட்டுடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள்.

ஆனால், அவருக்கு இருப்பது பால் அலர்ஜி என்றால்? முட்டைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க் அல்லது தயிர் சேர்த்துச் செய்யும் எக்லெஸ் கேக்குகள் ஏராளம். அவருக்கு ஆகாத பொருள் அதில் கூடுதலாகவே இருக்கும்.

நம் ஊர் பேக்கரிகள் 'வெஜ்ஜா, எக்கா?' என்ற கேள்விக்குப் பழகியவை. அது உணவுப் பழக்கம் பற்றிய கேள்வி. அலர்ஜி அப்படியல்ல. சிலருக்குத் துளி கலந்தாலே உயிருக்கு ஆபத்து.

பச்சைப் புள்ளி எதைச் சொல்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதிப்படி முட்டை அசைவம். பால், தேன் சைவம். ஆகவே, பச்சைப் புள்ளி உள்ள பாக்கெட்டில் பால், கோதுமை, முந்திரி, சோயா எதுவும் இருக்கலாம். 'வீகன்' என்றால் பாலும் முட்டையும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆனால் சோயா, பாதாம் இருக்கலாம்.

லேபிளில் என்ன இருக்க வேண்டும்?

எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிமுறைகள், 8 வகைப் பொருட்களைக் கட்டாயம் அறிவிக்கச் சொல்கின்றன:

• கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள்
• பால், பால் பொருட்கள்
• முட்டை
• மீன்
• இறால், நண்டு வகை
• வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள்
• சோயா
• கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் உள்ள சல்ஃபைட் (சில உலர் பழங்களில் இருக்கும்)

பன் மேல் தூவும் எள் இந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் அறிவிப்பது கட்டாயம்.

இந்த லேபிள் பாக்கெட்டில் வரும் உணவுக்குத்தான். கண்ணாடி ஷெல்ஃபில் இருந்து எடுத்துத் தரும் பஃப்ஸிலோ, பேஸ்ட்ரியிலோ லேபிளைத் தேட முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் ஒரே பிரச்னையா?

இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காதவருக்கு வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு வரும். பால் அலர்ஜி என்றால் உடலின் எதிர்ப்பு சக்தியே பால் புரதத்துக்கு எதிராகத் திரும்பும். லாக்டோஸ் நீக்கிய பால் முதலாமவருக்கு உதவும், இரண்டாமவருக்கு உதவாது.

செலியாக் நோய் உள்ளவருக்குக் குளூட்டன் சிறுகுடலைப் பாதிக்கும். ஓவன் சூட்டில் குளூட்டன் அழியாது. மைதாவும் ரவையும் கோதுமைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'ராகி பிஸ்கட்' என்று பெயர் இருந்தாலும் அதில் மைதா கலந்திருக்கலாம். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால், ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிச் செய்யும் கேக்கில் மைதாவுக்குப் பதில் பாதாம் மாவு சேர்ப்பதும் உண்டு. கொட்டை அலர்ஜி உள்ளவருக்கு அதுவே ஆபத்து.

பேக்கரியில் என்ன கேட்க வேண்டும்?

'அலர்ஜி இருக்கு' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பொருள் என்று பெயர் சொல்லுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

• முட்டைக்குப் பதில் என்ன சேர்க்கிறீர்கள்?
• பன், பஃப்ஸ் மேலே முட்டையோ பாலோ தடவுகிறீர்களா?
• அதே மிக்ஸர், டிரே, கத்தியைத்தான் மற்ற கேக்குக்கும் பயன்படுத்துகிறீர்களா?
• நீங்கள் வாங்கும் கிரீம், சாக்லேட், பிரீமிக்ஸ் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது? போட்டோ அனுப்ப முடியுமா?

ஒரே கிச்சனில் நாள் முழுக்க மைதா பறக்கும் இடத்தில் குளூட்டன் இல்லாத கேக் செய்வது கஷ்டம். "எங்க கிச்சன்ல அதுக்கு உத்தரவாதம் தர முடியாதுங்க" என்று ஒரு பேக்கரி சொன்னால், அதை நம்பலாம். யோசிக்காமல் வரும் "ஒண்ணும் ஆகாது"தான் கவலைப்பட வேண்டிய பதில்.

அலர்ஜி உள்ளவரிடமே கேட்டுவிடுவது இன்னும் நல்லது. எந்தக் கடை, எந்த பிராண்ட் ஒத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கெனத் தனியாக வாங்கினால், மூடிய பெட்டியிலேயே கொடுங்கள். பெரிய கேக்கை வெட்டிய கத்தியால் அதைத் தொடாதீர்கள்.

பாதிப்பு தெரிந்தால்?

சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், வாந்தி வரலாம். மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், மயக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். 112 அல்லது 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தீவிர அலர்ஜிக்கு முதல் சிகிச்சை அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதற்கு மாற்று அல்ல.

"ஒரு வாய்தானே, சாப்பிடுங்க" என்று வற்புறுத்துவது நம் வழக்கம். அலர்ஜி உள்ளவர் வேண்டாம் என்றால், அதை அத்துடன் விட்டுவிடுங்கள்.