கர்னல் எலை லில்லி: பீரங்கிப் படையிலிருந்து மருந்துக்கடைக்கு

நம் சபையாரில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் சிலராவது மருந்துப் பெட்டியில் 'லில்லி' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு போர்வீரரின் குடும்பப் பெயர். முழுப்பெயர் எலை லில்லி. நம் வேதாகமத்தில் ஏலி என்று வாசிக்கிறோமே, அதே பெயர்தான்.

1838இல் பால்டிமோரில் பிறந்த அவர், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வளர்ந்தார். லஃபாயெட் என்ற ஊரில் ஓர் ஆங்கிலேய மருந்தாளரிடம் தொழில் பழகினார். அந்தக் கடையின் பெயர் 'நல்ல சமாரியன்'. 1861இல் கிரீன்காசில் ஊரில் சொந்தமாகக் கடை வைத்தார். அந்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கின் பக்கம் சேர்ந்து, 1862இல் தாமே ஆள் திரட்டி ஒரு பீரங்கிப் படை அமைத்தார்.

1863 ஆகஸ்ட் 21, தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் அறிவித்திருந்த உபவாச ஜெப நாள். டென்னசி ஆற்றங்கரையிலுள்ள சட்டனூகா நகரில் சனங்கள் ஆலயத்தில் ஜெபித்துக்கொண்டிருக்கையில், அக்கரையிலிருந்து லில்லியின் பீரங்கிகள் முழங்கின. துறையில் நின்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் மூழ்கின. எதிரியின் கவனத்தைத் திருப்பிய நல்ல தந்திரம் என்று போர் நூல்கள் இதைச் சொல்லும். ஆலயத்துக்குள் முழங்காலில் இருந்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள். பின்னாளில் நன்மை செய்தவர் என்பதற்காக இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

1864இல் அலபாமாவில் பிடிபட்டு, சில மாதம் கைதியாக இருந்தார். போர் முடிந்ததும் 1866இல் மிசிசிப்பியில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போட்டார். மழை பொய்த்தது. பங்காளி பணத்தோடு மறைந்தார். எல்லாவற்றிலும் கொடியது மலேரியா. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த மனைவி எமிலி அந்த ஆகஸ்டில் இறந்தார், பிள்ளையும் பிழைக்கவில்லை. கர்ப்பகாலத்தில் மலேரியா தாயையும் சேயையும் எவ்வளவு வேகமாக வாட்டும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மிஞ்சியது நாலு வயது மகன் ஜோசையாவும் கடனும்தான்.

கர்னல் பட்டம் பெற்றவர் மறுபடியும் கடைப்பலகைக்குப் பின்னால் நின்றார். 1869இல் இலினாய் மாநிலத்தில் பாரிஸ் என்ற சின்ன ஊரில் ஒரு கூட்டாளியோடு மருந்துக்கடை தொடங்கினார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஆனால் அந்தக் காலத்து மருந்து என்ன லட்சணம்? சந்தையில் கூவி விற்கிற 'சர்வரோக நிவாரணி' குப்பிகள். உள்ளே சாராயமா அபினா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. நான் செவிலியர் படிப்புப் படித்த நாட்டில், மருந்து கொடுக்குமுன் குப்பியின் பெயரை மூன்று முறை வாசிக்கவேண்டும் என்று பழக்கினார்கள். குப்பியில் எழுதியிருப்பது பொய்யாக இருந்தால் முப்பது முறை வாசித்தும் பயனில்லையே!

1876 மே மாதம் இந்தியானாபொலிசில் 1,400 டாலர் முதலோடு சொந்தத் தயாரிப்புக்கூடம் திறந்தார். வேலையாட்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் 14 வயது ஜோசையா. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே கொடுக்கும் மருந்தை, அளவு தவறாமல், சுத்தமாகச் செய்வது என்பதே அவர் பிடித்த வழி. முதலில் செய்த மருந்துகளில் ஒன்று கொயினா, எமிலியைக் கொண்டுபோன அதே மலேரியாவுக்கான மருந்து.

மருந்துத் தொழில் செய்தவர் வீட்டிலும் மருந்தில்லாத நோய் வந்தது. இரண்டாம் மனைவிக்குப் பிறந்த மகள் எலினர் 1884இல் தொண்டை அடைப்பான் நோயில் 13 வயதில் இறந்தாள். அதற்கான எதிர்நச்சு மருந்தை ஜெர்மனியில் கண்டுபிடித்தது 1890இல்தான். 1895இல் அவள் பெயரால் பிள்ளைகளுக்கென்று ஒரு மருத்துவமனை எழுந்தது. அங்கே ஒரு தொட்டிலருகே நின்றபோது அந்தத் தகப்பன் என்ன நினைத்திருப்பார் என்று, இரவுப் பணியில் பிள்ளைகள் வார்டில் இருக்கும்போது நான் யோசித்ததுண்டு.

1898இல் புற்றுநோயால் இறந்தார். நிறுவனம் ஜோசையாவின் கைக்கு வந்தது. கனடாவில் பான்டிங்கும் பெஸ்டும் கண்டறிந்த இன்சுலினை அமெரிக்காவில் முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது அவர் தலைமையில், 1923இல். (அதன் விலையைப் பற்றிய இந்தக் காலத்துச் சண்டை தனிக் கதை.) 1937இல் ஜோசையாவும் அவருடைய இரண்டு மகன்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார்கள். பள்ளிகளுக்கும் ஊர் நலப் பணிகளுக்கும் திருச்சபைகளுக்கும் அது இன்றும் உதவிவருகிறது.