கறுப்புப் புகையும் ஒரு திருகாணியும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்குதான் :-)

பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தாலோ பெட்ரோல் கூடினாலோ, மெக்கானிக் பாஷையில் வண்டி 'ரிச்'சாக ஓடுகிறது. சைலன்ஸரில் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, பிளக்கைக் கழற்றினால் பஞ்சு மாதிரி கரி, மைலேஜ் அம்பேல்.

இந்தக் கலவையைச் சரியாகக் கொடுப்பதற்கு 1893-லேயே ஜெர்மனியில் மேபாக் ஜெட் வழியாகப் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரைச் செய்துவிட்டார். அதன் வாரிசுதான் நம்மூர் அம்பாஸடரில் இருந்த சோலெக்ஸ். காலையில் டாஷ்போர்டில் இருக்கும் சோக்கை இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகும். சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். பிச்சாவரம், பரங்கிப்பேட்டை மாதிரி உப்புக் காற்று அடிக்கிற ஊரில் கேபிள் துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றுவிட்டால், குமிழ் உள்ளே போயிருக்கும், சோக் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். சிதம்பரம் வந்து சேர்வதற்குள் பிளக் கறுத்துவிடும்.

அதனால் நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் கார்புரேட்டரைப் பிரிக்க மாட்டார். முதலில் சோக் கேபிள். அடுத்து ஏர் ஃபில்டர். தூசி அடைத்திருந்தால் காற்று எப்படிப் போகும்? அப்புறம் ஃப்ளோட். அதில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தாலோ, நீடில் வால்வு தேய்ந்து மூடாமல் போனாலோ, பெட்ரோல் மட்டம் ஏறி ஓவர்ஃப்ளோ ஆகும். பிறகு தேய்ந்த ஜெட். கடைசியில்தான் ஐடில் மிக்ஸர் திருகாணி. ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எஞ்சின் சத்தம் சீராகிற இடத்தில் நிறுத்துவார். மீட்டர் எல்லாம் காதுதான்.

ஆனால் இந்தத் திருகாணியில் ஒரு வில்லங்கம் உண்டு. கொஞ்சம் ரிச்சாக வைத்தால் வண்டி திணறாது, காலையில் அடம்பிடிக்காது. வாடிக்கையாளரும் திரும்ப வந்து சண்டை போட மாட்டார். நஷ்டம் அவருடைய பெட்ரோல் செலவில் மெதுவாகக் கரையும், மீதி ஊர்க்காற்றில். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கார் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம்தான் இருக்கலாம் என்றன. நம்ம ஆட்கள் விடுவார்களா? சோதனைக்கு முன் திருகாணியை ஒரு பக்கம் திருப்புவது, சான்றிதழ் வாங்கியதும் பழையபடி திருப்பிவிடுவது. சட்டம் ஒரு ஸ்க்ரூ டிரைவரிடம் தோற்றது என்றுதான் சொல்வேன்.

1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ரிச்சாக ஓடினால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதையே பாழாக்கிவிடும். எனவே ஏனோதானோ டியூனிங் இனி கட்டுப்படியாகாது. 1999-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளைக் கொண்டுவந்தது. 2000 ஏப்ரலில் நாடு முழுவதும் 'இந்தியா 2000' விதி, 2005-ல் பாரத் ஸ்டேஜ் 2. மாருதி 800-க்கும் இன்ஜெக்ஷன் வந்து, கார்புரேட்டர் புதுக் கார்களிலிருந்து விடைபெற்றது. திருகாணியின் வேலையை ஆக்சிஜன் சென்சார் எடுத்துக்கொண்டது. போஷ் கம்பெனி 1976-லேயே வால்வோ காரில் பொருத்தியது அது. புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும்.

இதில் அடிபட்டது காதால் டியூனிங் செய்த சின்னப் பட்டறைக்காரர்கள். அவர்கள் கைத்திறமைக்கு வேலை குறைந்தது, ஸ்கேனர் வாங்கப் பணமும் வேண்டியிருந்தது.

வியாதி என்னவோ போகவில்லை. இன்றும் ஸ்கேனரில் 'பி0172' என்று வந்தால் கலவை ரிச் என்று அர்த்தம். ஆனால் ஒழுகும் இன்ஜெக்டரா, கூடிப்போன பெட்ரோல் அழுத்தமா, எஞ்சின் சூடாகியும் குளிர் என்றே சொல்லும் டெம்பரேச்சர் சென்சாரா என்று அந்த எண் சொல்லாது. அதைப் பார்த்ததும் சென்சாரை மாற்றச் சொல்லி பில் போடுபவரிடம், மற்ற இரண்டையும் சோதித்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.