பின்வரிசை மைக்குகள்

1984 அக்டோபர் 27 அன்று கலிஃபோர்னியாவில் உள்ள பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் நடந்த கச்சேரியில், ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் சில வரிசைகளைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். அங்கே இடம்பிடித்தவர்கள் தங்கள் சொந்த மைக்குகளை உயரமான கம்பிகளில் மாட்டி, முழுக் கச்சேரியையும் கேசட்டில் பதிந்துகொள்ளலாம். மற்ற ராக் குழுக்களின் கச்சேரிக்கு டேப் ரெக்கார்டரோடு போனால் வாசலிலேயே பறித்துக்கொள்கிற காலம் அது. கிரேட்ஃபுல் டெட் குழுவோ அதற்கென்றே தனி டிக்கெட் விற்றது.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ரசிகர்கள் ஒளித்துக் கொண்டுவந்து பதிவது அதற்குப் பல வருடங்கள் முன்பே தொடங்கிவிட்டது. மைக் கம்பிகள் காடாக எழும்பி, மற்றவர்களுக்கு மேடையை மறைத்தன. ஒலிப் பொறியாளருக்கே மேடை தெரியவில்லை. தடுத்துப் பயனில்லை என்று இடம் ஒதுக்கினார்கள். நாங்கள் வாசித்து முடித்த பிறகு அதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் ஜெர்ரி கார்சியாவின் எண்ணம். மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

நான் முதுகலை படிக்க வந்த ஊரில் இப்படி ஒரு ஷூ பெட்டி நிறையக் கேசட்டுகளைப் பார்த்தேன். எதிலும் ஆல்பத்தின் பெயர் இல்லை. பேனாவால் எழுதிய தேதி, ஊர், அவ்வளவுதான். ஒரே பாட்டு பத்துக் கேசட்டுகளில் இருந்தது. இதை எதற்குச் சேர்க்கிறார்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

1965இல் பாலோ ஆல்டோ பக்கத்தில், வார்லாக்ஸ் என்ற பெயரில், ஒரு பீட்ஸா கடையில் வாசிக்க ஆரம்பித்தவர்கள் இவர்கள். அடுத்த முப்பது வருடங்களில் சுமார் 2,300 கச்சேரிகள் செய்தார்கள். இன்ன பாட்டு, இந்த வரிசை என்று முன்கூட்டித் தீர்மானித்து வாசிப்பது அபூர்வம். நேற்று ஆறு நிமிடத்தில் முடிந்த பாட்டு இன்று இருபது நிமிடம் அலைந்து, வேறொரு பாட்டுக்குள் போய் விழும். சில இரவுகளில் அது எங்கும் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. நம் சபாக்களில் ஒரே ராகத்தைக் கேட்க மறுபடியும் மறுபடியும் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஒப்புமையில் கொஞ்சம் உறவும் கலந்திருக்கிறது. குழுவின் இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், அல்லா ரக்காவிடம் தாளக் கணக்கு கற்றவர். அவர் 1991இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதற்குத்தான் கிடைத்தது.

ஸ்டூடியோ ஆல்பங்களால் இவர்கள் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. சாலைதான் சோறு போட்டது. சம்பாதித்ததைச் சாலையிலேயே கொட்டவும் செய்தார்கள். 1974இல் அவர்கள் கட்டிய ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற ஒலிச்சுவரில் அறுநூறு ஸ்பீக்கர்கள் இருந்தன. எடை சுமார் 75 டன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஸ்பீக்கர் அடுக்கு. ஒன்றின் ஒலி இன்னொன்றோடு கலந்து சிதையாது. சுவர் வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றதால், மக்கள் கேட்டதையே அவர்களும் கேட்டார்கள். அந்த ஒலி பாடுகிறவரின் மைக்கில் புகுந்து ஊளையிட வேண்டுமே? அதற்கு ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை எதிரெதிர் கட்டத்தில் இணைத்தார்கள். பாடகர் ஒன்றில் மட்டும் பாடுவார். இரண்டிலும் சமமாக விழும் சுவரின் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதைவிட அழகான தீர்வு அதிகம் தெரியாது. ஆனால் இதை ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல வேண்டும். ஒரு ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு மேடைச் சாரம் எழும்பிக்கொண்டிருக்கும். செலவு தாங்கவில்லை. அந்த அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்டில் ஐந்து இரவுகள் வாசித்துவிட்டுச் சுற்றுப்பயணத்தையே நிறுத்தினார்கள்.

1976இல் சிறிய கருவிகளோடு திரும்பினார்கள். ஆரம்பகாலப் பாடகர் பிக்பென் 1973இலேயே, 27 வயதில், இறந்துபோயிருந்தார். 1990இல் கீபோர்டு வாசித்த பிரென்ட் மிட்லண்டும் போனார். ஒவ்வொரு முறையும் ஆளைச் சேர்த்துக்கொண்டு வண்டி கிளம்பியது.

குழுவை உண்மையில் உலுக்கியது வெற்றிதான். 1986இல் சர்க்கரை நோயால் கோமாவில் விழுந்து எழுந்த கார்சியா, கிதாரை மறுபடி கற்க வேண்டியிருந்தது. மறுவருடம் ‘டச் ஆஃப் கிரே’ அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாம் இடம் பிடித்தது. கேசட் கைமாறிக் கைமாறிச் சேர்ந்த கூட்டத்தின் மேல் இன்னொரு கூட்டம் வந்து விழுந்தது. அரங்குகள் போதாமல் கால்பந்து மைதானங்களுக்குப் போனார்கள். டிக்கெட் இல்லாதவர்கள் வாகன நிறுத்தத்திலேயே ஊர் ஒன்றைக் கட்டினார்கள். பெரிய அலுவலகம், மாதச் சம்பளக்காரர்கள், அவர்களின் குடும்பங்கள் எல்லாம் கார்சியாவின் விரல்களை நம்பியிருந்தன. 1992இல் அவர் உடல் மறுபடி சரிந்தபோது சில மாதப் பயணம் ரத்தானது. பிறகு பழையபடி சாலை. போதைப் பழக்கம் அவரைக் கொன்றது என்று எழுதுவது எளிது. நிறுத்த முடியாத அந்த வண்டியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி வரலாறுதான்.

1995 ஜூலை 2 அன்று இண்டியானாவின் டீர் க்ரீக் அரங்கில் கார்சியாவைக் கொல்லப்போவதாக மிரட்டல் வந்தது. விளக்குகளை அணைக்காமலே வாசித்தார்கள். வெளியே இருந்த கூட்டம் வேலியைச் சாய்த்து உள்ளே பாய, உள்ளே இருந்தவர்களில் பலர் கைதட்டினார்கள். மறுநாள் கச்சேரி ரத்து. ரசிகர்களுக்குக் குழு கண்டித்துக் கடிதம் எழுதியது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, போதை மீட்பு இல்லம் ஒன்றில் கார்சியா இறந்தார். வயது 53. கிரேட்ஃபுல் டெட் என்ற பெயரை மற்றவர்கள் அந்த வருடமே நிறுத்திக்கொண்டார்கள்.

கேசட்டுகள் நிற்கவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகள் சேர்ந்தன. 2005இல் குழுவின் தரப்பு அவற்றைத் தரவிறக்க முடியாதபடி செய்தது. ரசிகர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே ஒரு சமரசம் வந்தது. கலவை மேசையிலிருந்து எடுத்த பதிவுகளை அங்கேயே கேட்கலாம், தரவிறக்க முடியாது. பின்வரிசையிலிருந்து ரசிகர்கள் எடுத்தவற்றை யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

எனக்கு இரண்டாம் வகைதான் பிடிக்கிறது. கரகரப்பு இருக்கும், பக்கத்தில் யாரோ பேசுவது கேட்கும். 1995 ஜூலை 9, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் நடந்த கடைசிக் கச்சேரியும் அங்கே இருக்கிறது. கார்சியா தளர்ந்துதான் பாடுகிறார். முடிவில் ‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’ வருகிறது. பேஸ் கிதார் வாசித்த ஃபில் லெஷ், மரணப்படுக்கையில் இருந்த தன் தந்தைக்குப் பாடுவதற்காக உருவான பாட்டு அது.