சாம் குக்

சாம் குக் (ஜனவரி 22, 1931 – டிசம்பர் 11, 1964) அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர். கறுப்பின மக்களின் தேவாலய இசையைக் காதல் பாட்டோடு கலந்து 'சோல்' என்னும் இசைவகைக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர். தன் பாடல்களின் உரிமையைத் தானே வைத்துக்கொள்ளப் போராடியவர் என்பதாலும் நினைக்கப்படுகிறார்.

மிசிசிப்பி மாநிலம் கிளார்க்ஸ்டேலில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. இருபது வயதை ஒட்டி 'சோல் ஸ்டிரரர்ஸ்' என்ற புகழ்பெற்ற பக்தி இசைக்குழுவின் முதன்மைப் பாடகரானார். அக்குழுவைக் கொண்டாடியவர்களில் பலருக்கு உலகியல் பாட்டு பாவம். அதனால் தன் முதல் காதல் பாட்டை 'டேல் குக்' என்ற மாற்றுப் பெயரில் வெளியிட்டார். பெயரை மறைக்கலாம், குரலை மறைக்க முடியுமா? ரசிகர்கள் உடனே கண்டுகொண்டனர்.

1957இல் சொந்தப் பெயரிலேயே பாடிய 'யூ சென்ட் மி' அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்று, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருந்தது வேறு பாட்டு; கேட்டவர்கள்தாம் மறுபக்கத்தைத் தேர்ந்தெடுத்தனர். இதை எழுதியவர் குக்கே. ஆயினும் தட்டில் அவருடைய தம்பியின் பெயர் இருந்தது. பழைய நிறுவனம் பாடல் உரிமையில் பங்கு கேட்டுவிடக்கூடாது என்பதே காரணம். பிறகு நண்பர் ஜே. டபிள்யூ. அலெக்சாண்டருடன் சேர்ந்து பாடல் உரிமை நிறுவனமும் 'எஸ்ஏஆர்' என்ற இசைத்தட்டு நிறுவனமும் நடத்தினார். பாபி வோமாக்கும் அவருடைய சகோதரர்களும் அங்கே வளர்ந்தவர்கள். அவர்கள் பாடிய ஒரு பாட்டை 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு மீண்டும் பாடி, பிரிட்டனில் முதன்முறையாக முதலிடம் பெற்றது.

1963 குக்குக்குக் கொடிய ஆண்டு. ஜூனில் அவருடைய கைக்குழந்தை வீட்டு நீச்சல்குளத்தில் மூழ்கி இறந்தது. அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்பதிவு செய்திருந்த விடுதியில் அவருக்கும் மனைவிக்கும் அறை மறுக்கப்பட்டது. தட்டிக்கேட்டவரை அமைதியைக் குலைத்ததாகக் காவல்துறை கைது செய்தது. (அந்நகர மேயர் 2019இல் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார்.) இன அநீதியைப் பற்றி வெள்ளையரான பாப் டிலன் எழுதிய பாடலும் அவரை ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தது. இவற்றுக்கிடையே பிறந்ததுதான் 'எ சேஞ்ச் இஸ் கோன்னா கம்'. 1964 ஜனவரி 30 அன்று, ரெனே ஹாலின் இசையமைப்பில், வயலின்களும் முழவும் ஒலிக்கப் பதிவானது. பிப்ரவரியில் தொலைக்காட்சியில் ஒருமுறை பாடினார். அந்த ஒளிப்பதிவு கிடைக்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் விடுதி ஒன்றில் அதன் பெண் மேலாளர் சுட்டதில் இறந்தார். வயது 33. தற்காப்புக்காகச் சுட்டது என்று விசாரணை முடித்துக்கொண்டது. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. சில நாட்களில் அந்தப் பாட்டு தனித்தட்டாக வந்தது, அதுவும் 'ஷேக்' என்ற ஆட்டப் பாட்டின் மறுபக்கத்தில். கறுப்பினத்தவர் சில இடங்களில் விரட்டப்படுவதைச் சொல்லும் அடிகள் அதில் வெட்டப்பட்டிருந்தன. மனித உரிமை இயக்கத்தார் அதையே தம் பாட்டாக ஏற்றனர்.

குக் அரும்பாடுபட்டுச் சேர்த்த பாடல் உரிமைகளோ, பின்னாளில் அவருடைய மேலாளராக இருந்த ஆலன் கிளைனின் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன.