பன்னிரண்டரை மடங்கு

கீழப்பழுவூரில் நான் லாரிப் பட்டறை வைத்திருந்த காலம். 1990களின் நடுவில் ஒருநாள், சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்காரர் ஒருவர் காயலான் கடையில் வாங்கிய டர்போவோடு வந்து நின்றார். "அண்ணே, லோடோட மேடு ஏற மாட்டேங்குது. இத மாட்டிக் குடுங்க" என்றார். டர்போ இல்லாத பழைய என்ஜின். ஆசை யாரை விட்டது? மாட்டிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் வண்டி பறந்தது. மூன்றாம் வாரம் ஹெட் கேஸ்கெட் கிழிந்தது, பிஸ்டனும் போயிற்று. கடனில் வாங்கிய வண்டி அது.

பொன்மலை டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்தான் எனக்குக் காரணம் சொன்னார். "தம்பி, உன் என்ஜின் காத்தை 17 மடங்கு சுருக்குது. டர்போ மாட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது, அது இரும்புல கடைஞ்ச அளவு. ஆனா உள்ள வர்ற காத்தே ஒன்றரை மடங்கு அழுத்தத்தோட வந்தா, சுருங்கி முடியிறப்ப அழுத்தமும் ஒன்றரை மடங்கு ஆயிடுமே! கேஸ்கெட் எப்படித் தாங்கும்?"

வெளியேறும் புகையின் வேகத்தாலேயே காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் இந்த உபாயத்துக்கு 1905-லேயே காப்புரிமை வாங்கியவர், சுவிட்சர்லாந்து என்ஜினியர் ஆல்ஃபிரட் பூஹி. அரியலூர் வழியாகக் கரும்புகை கக்கிப் போகுமே, டபிள்யூடிஎம்-2 டீசல் ரயில் என்ஜின், நினைவிருக்கிறதா? 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்த ரகம். 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி, டர்போ உண்டு. அதன் கம்ப்ரெஷன் ரேஷியோ வெறும் 12.5 என்றார் பெரியவர். டர்போ தள்ளும் காற்றுக்கு இடம்விட்டே அதை வடிவமைத்திருக்கிறார்கள். ரேஷியோ குறைந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆவது சிரமம்தான். அந்தச் சிரமத்துக்கு ஒப்புக்கொண்டு என்ஜினைக் காப்பாற்றினார்கள். கிளம்பும்போது வந்த கரும்புகைகூட, டர்போ வேகம் பிடிக்குமுன் டீசல் முந்திக்கொண்டதால் வந்ததுதான்.

நான் செய்தது என்ன? ரேஷியோவைக் குறைக்காமல் காற்றை மட்டும் திணித்தேன்.

கூலி வாங்காமல் என்ஜினைச் சரிசெய்து கொடுத்தேன். ஆனால் ஒரு மாதம் வண்டி நின்றதில் தவணை தவறி, அவர் லாரியை விற்றுவிட்டார். கடைசிவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.